ஐந்தருவிக்குப் போனால் படுத்துக்கொள்ளும் வண்டி

தளவாய் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்த ஆளைத்தான் பார்ப்பார். பானெட் மூடியே கிடக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, எங்கே நிறுத்தினாய், எத்தனை மணிக்கு நிறுத்தினாய், கூட யார் இருந்தது, மழையா வெயிலா, பாட்டுக் கேட்டாயா, கேட்டது என்ன பாட்டு என்று வரிசையாகக் கேட்பார். அந்தக் கடைசிக் கேள்விக்கும் வயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால், "வயரு பொய் சொல்லாது வே. வண்டிக்காரன் சொல்லுவான்" என்பார்.

இலஞ்சி விலக்கில் அவருடைய ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையும் என்னுடைய ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். இருபத்திரண்டு வருஷமாக அவர் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது எதுவும் அவருக்குக் கேட்பதில்லை. கோளாறு சுவரில் இல்லை என்பது என் முடிவு.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். நெல் விதைத்த குடும்பம். அண்ணன்மார் இரண்டு பேர் போலீசுக்குப் போனார்கள், ஒருவர் பட்டாளத்துக்குப் போனார். இவரும் போலீஸ் தேர்வுக்குப் போனார். ஓட்டத்தில் தேறி, மார்பு அளவெடுக்கிற இடத்தில் அரை அங்குலம் குறைந்து திரும்பி வந்தார். "அவன் வச்சிருந்த டேப்பு இழுத்து இழுத்து நீண்டு போயிருந்துது" என்று இன்றைக்கும் சொல்வார். வேலை கிடைக்கவில்லை, விசாரணை செய்யும் ஆசை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு கடையநல்லூரில் ஒரு லாரி ஷெட்டில் ஆறு வருஷம் வயரிங் கற்றுக்கொண்டு இங்கே கடை போட்டார்.

கெட்டிக்காரர்தான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் செய்த வேலையில் கோளாறு வராது. வந்தால் அது கோளாறு இல்லை. ஒரு முறை ஒரு வேன்காரர் வந்தார். இவர் வயரிங் செய்து கொடுத்த வேன். வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் கூடவே ஹாரனும் அடிக்கிறது என்றார். அண்ணாச்சி அரை நிமிஷம் யோசித்தார்.

"வளைவுல ஹாரன் அடிக்கணுமா வேண்டாமா?"

"அடிக்கணும் அண்ணாச்சி."

"நீ அடிக்க மறந்துருத. வண்டி அடிக்குது. இதுல உனக்கு என்ன கஷ்டம்?"

வேன்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். இடது பக்கத்துக்கும் அதே மாதிரி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் எப்படித் திருந்துவான்?

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டம் என்றால் சங்கரேஸ்வரிக்கு வேலை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவள். இலஞ்சியில் தோப்பும் வயலும் வைத்திருக்கிறாள். சீசன் முழுக்க ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜுகளுக்கும் மெஸ்களுக்கும் காய்கறி, தேங்காய், வாழை இலை அனுப்புவாள். அதற்கென்று ஒரு டீசல் பிக்கப் நிற்கிறது. காலையில் சுற்றுலா வேன்கள் ரோட்டை அடைத்துவிடும் என்பதால், வாரத்தில் நாலு நாள் முந்தின சாயங்காலமே லோடு மேலே போய்விடும். ஒரு லாட்ஜின் பின்முற்றத்தில் வண்டி நிற்கும். டிரைவர் மாடன் அந்த லாட்ஜ் வராந்தாவில் படுத்து எழுந்து, காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்து ஒவ்வொரு சமையல்கட்டாகப் போய் இறக்குவான்.

மாடனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பது வயது. பேச்சு குறைவு. இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் டீசல் குறைகிறது, இவன்தான் எடுக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து டேங்கில் ஓட்டை என்று தெரிந்தது. பழி ஊரெல்லாம் போயிற்று, ஓட்டை விஷயம் அந்தத் தெருவைத் தாண்டவில்லை. எட்டு மாதம் ஒருவரும் அவன் கையில் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. சங்கரேஸ்வரிதான் கொடுத்தாள். இன்னொரு முறை ஒரு பழியோடு இறங்கினான் என்றால் தென்காசி சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு வண்டி கிடையாது. இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சீசன் தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. அண்ணாச்சி பைக்கில் போய், இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எடுத்துக் கொடுத்தார். அந்த வாரத்திலேயே இன்னொரு நாளும் அப்படியே ஆயிற்று. அடுத்த வாரம் இரண்டு நாள். இட்லிக்குத் தேங்காய் வரவில்லை என்று மெஸ்காரர்கள் சங்கரேஸ்வரியைப் போனில் பிடித்துக்கொண்டார்கள். அவள் மாடனையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

விசாரணை ஆரம்பித்தது.

"பாட்டுக் கேட்டியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"போன் சார்ஜ் போட்டியா?"

"லாட்ஜுல போடுவேன்."

"உள்ள லைட்டு எரிஞ்சுதா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்போ என்னதாம்லே செஞ்ச?"

"தூங்குனேன்."

அண்ணாச்சிக்குத் திருப்தியில்லை. ஆனாலும் பானெட்டைத் திறந்தார். வேலை என்று இறங்கினால் குறை சொல்ல முடியாது. பேட்டரியை அளந்தார், சரியாக இருந்தது. இன்ஜினை ஓட விட்டுச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தார், ஏறியது. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, பேட்டரிக் கம்பியில் மீட்டரை மாட்டினார். தூங்குகிற வண்டி எவ்வளவு கரண்டைக் குடிக்கிறது என்று பார்ப்பதற்கு. கடிகாரமும் மற்றதும் ஓடுவதற்குக் கொஞ்சம் குடிக்கும், அந்தக் கொஞ்சம்தான் இருந்தது. அப்படியும் விடாமல் பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று சொல்வது அவர் வழக்கமில்லை. "குளிரு" என்றார். ஐந்தருவிச் சாரலில் பேட்டரி விறைத்துவிடுகிறதாம். சாக்கை மடித்து அதற்கு ஒரு போர்வை தைத்துப் போட்டார். நாலு நாள் கழித்து வண்டி போர்வையோடு படுத்துக்கொண்டது. அடுத்தது குரங்கு. ஐந்தருவிக் குரங்குகள் கீழ்ப்பக்கமாகப் புகுந்து வயரை ஆட்டுகின்றனவாம். பானெட்டைச் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தார். மாடன் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கயிற்றைப் பயபக்தியோடு கட்டி, காலையில் அவிழ்த்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முன்னால் நின்றான்.

சங்கரேஸ்வரி தென்காசியில் வேறொரு இடத்தில் காட்டினாள். இதுதான் அண்ணாச்சிக்கு விழுந்த பெரிய அடி. அங்கே சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். புது பேட்டரியும் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் புது பேட்டரியும் படுத்துவிட்டது.

ஒன்றை நான் கவனித்திருந்தேன். வண்டி இலஞ்சியில் சங்கரேஸ்வரி வீட்டில் நிற்கும் நாட்களில் கோளாறே இல்லை. மேலே நிறுத்தினால்தான் படுக்கிறது. அதை அவளிடம் சொன்னது நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள். "என் கண்ணு முன்னால நிக்கும்போது வண்டிக்கு ஒண்ணுமில்ல. அங்கன இவன் என்னமோ செய்தான். கேட்டா தூங்குனேங்கான். செங்கோட்டையிலருந்து சனிக்கிழமை வேற டிரைவர் வாரான். அதுக்குள்ள கோளாறு இவன்மேல இல்லன்னு யாராவது காட்டுனா இருக்கட்டும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போவட்டும்."

மாடன் அங்கேதான் நின்றிருந்தான். அன்றைக்கு முழுக்க எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. எரிச்சலைத் தீர்க்கச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், "அண்ணாச்சி, இந்த வண்டியில நீங்க ஏற்கெனவே கை வச்ச வேலை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நான் கை வச்ச இடத்துல தேடவேண்டிய அவசியம் இல்ல வே" என்றார். மறுநாள் மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே வந்தார். "கிளம்பும். ஐந்தருவிக்குப் போறோம். சங்கரேஸ்வரி வேண்டாம், அவ முன்னால மாடன் பேச மாட்டான். அவன் மட்டும் வரட்டும்" என்றார். ஓசியில் அருவிக் குளியல் கிடைக்குமே என்று நான் துண்டும் எண்ணெயும் எடுத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் வெள்ளம். குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ஐந்து கிளையும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசுவது கேட்கவில்லை. தலையிலும் உடம்பிலும் எண்ணெய் தேய்த்த ஒரு கூட்டம், குளிக்கவும் முடியாமல் உடுத்தவும் முடியாமல், வேடிக்கை பார்க்க ஏதாவது கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தது.

லாட்ஜின் பின்முற்றத்தில் அண்ணாச்சி மாடனிடம் கத்திச் சொன்னார்.

"தினமும் எப்படி நிறுத்துவியோ அப்படியே நிறுத்து. ஒண்ணும் கூட்டாத, ஒண்ணும் குறைக்காத."

"எல்லாமேவா அண்ணாச்சி?"

"எல்லாமே."

மாடன் ஒரு வினாடி தயங்கினான். அவன் கை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டு வந்தது. இறங்கிக் கதவைச் சாத்தினான். பானெட்டைச் சுற்றிக் குரங்குக் கயிற்றையும் கட்டப் போனான், அதை மட்டும் அண்ணாச்சி வேண்டாம் என்றார்.

கம்பியைக் கவ்விப் பிடிக்கிற மீட்டரைப் பேட்டரியில் மாட்டிவிட்டு நின்றோம். கடையில் காட்டிய அதே சின்ன எண். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். எண்ணெய்த் தலைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நாங்கள் பார்ப்பதை அவர்களும் பார்த்தார்கள். மூன்றாவது நிமிஷம் மீட்டரில் எண் எகிறி, பதினொரு ஆம்பியருக்குப் போய் நின்றது. அண்ணாச்சி தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். எந்த விளக்கும் எரியவில்லை, எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் எண் பழைய இடத்துக்கு இறங்கியது. மூன்று நிமிஷம் கழித்து மறுபடியும் பதினொன்று.

"யாருலே வண்டிக்குள்ள?" என்று கத்தினார். உள்ளே யாருமில்லை. பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கதவில் வைத்தார். உள்ளே கையை விட்டு டிரைவர் சீட்டில் வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. என் கையையும் பிடித்து இழுத்து வைத்தார். சீட் அதிர்ந்துகொண்டிருந்தது.

சீட்டைத் தூக்கினார். தண்ணீர் பாட்டில் அளவில் ஒரு நீலக் காற்று டேங்க், பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், அங்கிருந்து பானெட் பக்கம் போகிற ஒரு குழாய். இணைப்பெல்லாம் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி முனை உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது. முனையை அப்படி மடிக்கிறவர் நான் அறிந்து இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். சித்திரை மாதம் கடையநல்லூர் உவைஸ், அண்ணாச்சியின் பழைய லாரி ஷெட் கூட்டாளி, வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது நாலு குழல் ஏர் ஹாரன் ஒரு செட் கொண்டுவந்து கொடுத்தார். அடித்தால் கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி மேலே ஏறி இறங்கும். சட்டப்படி வைக்கக்கூடாது. அண்ணாச்சிக்கோ அதை எங்கேயாவது மாட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. பின்விளக்கு வேலைக்காக சங்கரேஸ்வரியின் பிக்கப் கடைக்கு வந்தது. மாடன் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், அக்கா வைவாள் என்று. அண்ணாச்சி விடவில்லை. மாட்டினார். பியூஸ் பெட்டி வழியாகக் கொண்டுபோனால் பியூஸ் போய்விடும் என்று பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கை போனால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தார். சங்கரேஸ்வரியிடம் மூச்சு விடக்கூடாது என்று மாடனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். குழாய்க்குச் சரியான இணைப்பு கையில் இல்லை. வண்டியிலேயே சொட்டுநீர்க் குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஜாயிண்ட் ஒன்று கிடந்தது, சங்கரேஸ்வரி தோப்புக்கு வாங்கினது. அதைச் சொருகி டேப் சுற்றிவிட்டார்.

அந்த ஜாயிண்ட் தண்ணீரைத் தாங்கும். காற்றைத் தாங்குமா? கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்தது. டேங்கில் காற்று குறையக் குறைய மோட்டார் தானாகவே ஓடி நிரப்பியது. ராத்திரி முழுக்க இதே வேலை. வேறு எங்கே நின்றாலும் மோட்டார் சத்தம் ஆளை எழுப்பிவிட்டிருக்கும். அருவிக்குப் பக்கத்தில் யாருக்குக் கேட்கும்?

"நீ சுவிட்ச அணைக்கலையாலே?" அண்ணாச்சி கேட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"அணைக்கலையான்னு கேக்கேன்." இந்த முறை மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"அக்கா பக்கத்துல இருந்தா அணைச்சு வச்சிருவேன் அண்ணாச்சி. கை பட்டு அடிச்சிரும்னு பயம். இங்கன வந்தா போட்டிருவேன். காலையில வளைவுல ஒருக்கா அடிச்சிட்டுப் போவேன்." அவனும் கத்தினான். ஒரு ரகசியத்தை இப்படி ஊர் கூட்டிக் கத்துகிற மாதிரி ஆகிவிட்டதே என்று முகம் சிவந்துபோயிற்று.

எண்ணெய்த் தலைக்காரர் ஒருவர் என் காதருகே வந்து, "ஏர் ஹாரனா? அது தப்பாச்சே" என்றார். பக்கத்திலிருந்தவர், "அடிக்கச் சொல்லுங்க சார், கேப்போம்" என்றார்.

கடைக்கு வரும்போதெல்லாம் சங்கரேஸ்வரி பக்கத்தில் நின்றாள். அதனால் சுவிட்ச் அணைந்திருந்தது. அதனால் மீட்டரில் எதுவும் தெரியவில்லை. பியூஸ் பெட்டியில் தேடினால் எப்படி அகப்படும், அந்த வயர் பெட்டிக்குள்ளேயே போகவில்லையே. போட்டவருக்கு மட்டும்தான் அது தெரியும், அவர்தான் தான் கை வைத்த இடத்தில் தேடுவதில்லையே.

"ஏம்லே எங்கிட்டத் தனியா வந்து சொல்லல?"

"இதுலயா கோளாறு இருக்கும்னு நினைச்சேன்? குளிருன்னு நீங்க சொன்னீங்க. பெறகு குரங்குன்னு சொன்னீங்க."

அண்ணாச்சி சுவிட்சை அணைத்தார். சீட்டை இறக்கி வைத்தார். திரும்பி வரும் வழியில் பைக்கில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், இலஞ்சி நெருங்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"எலி."

"என்ன எலி?"

"எலி வயரக் கடிச்சிட்டுது. ஹாரன நான் பொறவு கழத்திருவேன். மாடனுக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. எலி வந்து மறுக்கவா போவுது?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கடித்த வயர் மாதிரி காட்ட ஒரு துண்டை நான்தான் பல்லால் கடித்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை சங்கரேஸ்வரி வீட்டு முற்றத்தில் பிக்கப் நின்றது. செங்கோட்டையிலிருந்து வந்த மணிமுத்து என்கிற டிரைவர், தோளில் பையோடு ஓரமாக நின்றார். மாடன் சாவியைக் கையில் வைத்திருந்தான். அண்ணாச்சி அந்த வயர்த் துண்டை எடுத்துக் காட்டி எலிக் கதையைச் சொன்னார். எந்த வழியாக ஏறியது, எங்கே உட்கார்ந்தது, எவ்வளவு கடித்தது என்று போலீஸ்காரர் சொல்வது போலவே சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். சங்கரேஸ்வரி கடைசி வரை கேட்டாள்.

"எலி சும்மா வண்டிக்குள்ள ஏறுமா அண்ணாச்சி?"

"அது... ஏறும் தங்கச்சி."

"சோறு சிந்துனாத்தான் ஏறும். உள்ள உக்காந்து தின்னுட்டு அப்படியே போட்டுட்டுப் போனாத்தான் ஏறும்." மாடன் பக்கம் திரும்பினாள். "அப்போ நான் சொன்னது சரிதானலே. உன் சோம்பேறித்தனந்தான இவ்வளவுக்கும் காரணம்? மூணு வாரமா நான் மெஸ்காரங்கிட்ட ஏச்சு வாங்குதேன். கடைசியாக் கேக்கேன். வேற ஏதாவது இருந்தா சொல்லு."

எலி இப்படித் திரும்பி வந்து கடிக்கும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. மாடனுக்கு உண்மை தெரியும். முந்தின நாள் சாயங்காலம் சீட்டுக்கடியில் அவன் கண்ணாலேயே பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு சங்கரேஸ்வரியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி பாத்துச் சொல்லியாச்சுலாக்கா. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். சாவியை நீட்டினான்.

சங்கரேஸ்வரி சாவியை வாங்கக் கையை நீட்டினாள். மணிமுத்து பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"சரியில்ல" என்றார் அண்ணாச்சி.

யாருக்கும் முதலில் புரியவில்லை. எனக்கே புரியவில்லை. அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை.

"நான் சொன்னது சரியில்ல தங்கச்சி. எலி இல்ல. நாந்தாம். இவன் வேண்டாம் வேண்டாம்னு சொன்னான், நான் கேக்காம ஒரு ஹாரன் மாட்டுனேன். உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்குனேன். நான் போட்ட ஜாயிண்டு மோசம். மூணு வாரமா வண்டி பூராத் தேடுனேன், நான் போட்டத மட்டும் பாக்கல. தப்பு எம்மேல."

போய் சீட்டைத் தூக்கிக் காட்டினார். சங்கரேஸ்வரி டேங்கைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், குனிந்து அந்தக் கறுப்பு ஜாயிண்டைப் பார்த்தாள்.

"இது என் தோப்பு ஜாயிண்டுலா" என்றாள்.

"ஆமா."

"அடிங்க, கேப்போம்."

அண்ணாச்சி சுவிட்சைப் போட்டு, டேங்க் நிரம்பும் வரை காத்திருந்து அடித்தார். நாலு குழலும் ஏறி இறங்கின. எதிர்வீட்டு மாடு கட்டுத்தறியைச் சுற்றி ஓடியது. மூன்று வீட்டு வாசலில் ஆட்கள் வந்து மாப்பிள்ளை அழைப்பு எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். சங்கரேஸ்வரி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதிதான் முடிந்தது. பிறகு மாடனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"வேலை போனாலும் சொல்லமாட்ட, இல்ல? அப்படி என்னலே சத்தியம்?" என்றாள். கோபம்தான், ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். சாவி அவன் கையிலேயே இருந்தது. மணிமுத்துவிடம், "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"ஹாரன இப்பவே கழத்துங்க. சீசன் முடியுத வரைக்கும் வண்டி மேல நிக்குத ஒவ்வொரு நாளும் காலையில அஞ்சு மணிக்கு நீங்க அங்கன இருக்கணும். வண்டி எடுக்குதான்னு பாக்கணும். எடுத்ததும் சும்மா வரக்கூடாது, இவன்கூட நின்னு லோடு இறக்கணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் காலை ஒன்பதுக்கு முன்னால் கடை திறந்தறியாத மனுஷன். சரி என்றார்.

அந்த முதல் காலையைப் பார்க்காமல் விட நான் பைத்தியக்காரனா? எனக்கு வேலை எதுவும் இல்லை, ஆனாலும் ஐந்து மணிக்கு ஐந்தருவி லாட்ஜின் பின்முற்றத்தில் நின்றேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றார். மாடன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே எடுத்தது.

அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தான்.

"பாத்தீங்களா அண்ணாச்சி? நீங்க கை வச்சாச்சு. இனிமே கோளாறு வராது."

கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தை நன்றாகத் தேடிப் பார்த்தேன். துளிகூட இல்லை. அண்ணாச்சி தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். பின்பக்கம் போய் முட்டைக்கோஸ் மூட்டை ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சமையல்கட்டைப் பார்த்து நடந்தார்.